கானகக் கத்திக்கு ஏற்ற எஃகு

மனிதன் கைக்கொண்ட கருவிகளுள் கத்தியைப் போல எளிய அமைப்புடையவை மிகச் சிலவே. ஒரு தகடு, அதன் ஓரத்தில் ஒரு கூர், பற்றிக்கொள்ள ஒரு பிடி. இவ்வளவே அதன் உறுப்புகள். ஆயினும், காட்டிலும் மலைச்சரிவிலும் நாள் முழுவதும் உழைக்கும் ஒரு கத்தியிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பல ஒன்றோடொன்று முரண்படுவது விளங்கும். மூங்கிலை வெட்டினால் கூர் மழுங்கலாகாது. மரத்தின் கணுவில் மோதினால் வாய் சிதறலாகாது. பிளவில் சிக்கிய அலகை நெம்பினால் அது முறியலாகாது. மழையில் நனைந்தால் துருவேறலாகாது. கூர் குறைந்தபோது ஆற்றங்கரைக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளவும் வேண்டும். இவை அனைத்தையும் முழு அளவில் ஒருங்கே தரும் எஃகு எதுவும் இல்லை. ஆகையால், எந்தப் பண்பை முதன்மையாகக் கொள்வது, எதனை ஓரளவு விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதே எஃகைத் தேர்ந்தெடுப்பதன் சாரமாகும்.

இம்முடிவு ஏட்டளவில் நிற்பதன்று. வடகிழக்கு இந்தியாவின் மலைப்பகுதிகளில் 'தாவ்' என வழங்கும் வெட்டுக்கத்தி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. வீடு கட்டவும், மூங்கில் பிளக்கவும், விறகு வெட்டவும், ஜூம் எனப்படும் மலைச் சாகுபடிக்காகக் காடு திருத்தவும் அங்குள்ள மக்கள் அதனையே நம்பியிருக்கின்றனர். இமயமலைச் சாரலில் இதே இடத்தைக் குக்ரி பெற்றிருக்கிறது. இக்கருவிகள் கையின் முழு வேகத்துடன் வீசப்படுபவை. வீச்சின் நடுவே அலகு முறியுமானால், முறிந்த துண்டு எத்திசையில் பாயும் என்று கூற இயலாது. வாயிலிருந்து தெறிக்கும் சிறு சில்லும் கண்ணைக் கெடுக்கப் போதுமானது. மருத்துவ உதவி பல மணி நேர நடைத் தொலைவில் உள்ள இடத்தில் நல்ல எஃகு, தீய எஃகு என்னும் வேறுபாடு உடலுக்கும் உயிருக்கும் உரிய வேறுபாடாகிவிடுகிறது.

கூர் கெடும் வகைகள்

எஃகைத் தேர்ந்தெடுக்கப் புகுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, 'இக்கத்தி எவ்வாறு கெடும்?' என்பதே. கத்தியின் வாய் நான்கு வகைகளில் கெடுகிறது. முதலாவது தேய்தல்: வெட்டப்படும் பொருளிலுள்ள கடினமான துகள்கள் கூரைச் சிறிது சிறிதாக அராவிவிடுகின்றன. மூங்கிலின் மேல்தோலில் சிலிக்கா மிகுந்திருப்பதால் அது கூரை விரைவில் தேய்த்துவிடுகிறது. இரண்டாவது மடிதல்: எஃகு மிருதுவாக இருந்தால், மெல்லிய வாய் அழுத்தம் தாங்காமல் ஒரு புறமாகச் சாய்ந்துவிடும். மூன்றாவது சிதறுதல்: எஃகு அளவுக்கு மீறிக் கடினமாகவும் நொறுங்கும் இயல்புடையதாகவும் இருந்தால், வாயிலிருந்து சில்லுகள் பெயர்ந்து பிறை வடிவான பள்ளங்கள் விழும். நான்காவது துருப்பிடித்தல்.

இந்நான்கோடு அலகு முழுவதும் முறிந்துபோதல் என்னும் ஐந்தாம் கேட்டையும் சேர்க்கலாம். இவ்வைந்தும் ஒரே தரத்தன அல்ல. தேய்ந்த வாயைத் தீட்டிக்கொள்ளலாம். மடிந்த வாயை நிமிர்த்திக்கொள்ளலாம். துருவைத் தேய்த்துப் போக்கலாம். சிதறிய வாயைச் சீர் செய்ய அலகின் ஒரு பகுதியையே சாணையில் இழக்க நேரிடும். முறிந்த அலகுக்கோ பரிகாரமே இல்லை. எனவே, வீசி வெட்டும் கத்திக்கு எஃகின் முறியாத்தன்மையே முதற்பண்பு. கடினத்தன்மையும் தேயாத்தன்மையும் அதற்கு அடுத்தவை. கடையில் வாங்குவோர் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வதால்தான், விலையுயர்ந்த கத்தி காட்டில் ஏமாற்றம் அளிக்கிறது.

கார்பனின் பங்கு

எஃகு என்பது இரும்பும் கார்பனும் சேர்ந்த பொருள். நூற்றுக்கு 0.2 பங்கு அளவே கார்பன் உள்ள மெல்லெஃகு, கம்பிக்கும் தகட்டுக்கும் பயன்படும்; ஆனால் அதனை உலையிலிட்டு நீரில் தோய்த்தாலும் கத்திக்குப் போதிய கடினம் ஏறாது. கார்பன் 0.5 பங்கைத் தாண்டும்போதுதான் எஃகு கூர் தாங்கும் தகுதியைப் பெறுகிறது. 0.6 பங்கில் அது வாகன வில்பட்டைக்கும் பெரிய வெட்டுக்கத்திக்கும் ஏற்றதாகிறது. ஏறத்தாழ 0.95 பங்கு கார்பன் கொண்ட, '1095' என்னும் எண்ணால் குறிக்கப்படும் எஃகு, சிறிய கத்திகளுக்குப் பெயர் பெற்றது. பந்துத் தாங்கிகளுக்கான '52100' எஃகில் கார்பன் ஒரு பங்கையும் குரோமியம் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கையும் எட்டுகின்றன.

கார்பன் மிகுமானால் கத்தி சிறக்கும் என்று இதனைக்கொண்டு முடிவு செய்வது தவறு. ஏறத்தாழ 0.8 பங்குக்கு மேற்பட்ட கார்பன், தோய்க்கும் சூட்டில் எஃகுக்குள் முழுவதும் கரைவதில்லை. எஞ்சியது இரும்புடனும் பிற உலோகங்களுடனும் சேர்ந்து கார்பைடு என்னும் மிகக் கடினமான துகள்களாக நின்றுவிடுகிறது. இத்துகள்கள் தேய்மானத்தைத் தடுக்கின்றன. ஆனால் அவை பெரியனவாகவும் மிகுதியாகவும் இருந்தால், அவற்றை ஒட்டியே வெடிப்புகள் தோன்றிப் பரவுகின்றன.

தென்னிந்தியாவின் பழைய எஃகுத் தொழிலே இதற்குச் சான்று பகர்கிறது. மூசைகளில் உருக்கி எடுக்கப்பட்டு, ஐரோப்பாவில் 'ஊட்ஸ்' என்று பெயர் பெற்ற அவ்வெஃகில், நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கார்பன் இருந்தது. அதன் கூர் உலகப் புகழ் பெற்றது. விஞ்ஞானி மைக்கேல் பாரடே, கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, இவ்வெஃகால் தூண்டப்பட்டு நடத்திய கலவை எஃகு ஆய்வுகளை 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். ஆனால், தமது வழக்கப்படி வெண்மையை நெருங்கும் சூட்டில் அதனை அடிக்க முற்பட்ட ஐரோப்பியக் கொல்லர் பலருக்கு அது சம்மட்டியின் கீழ் நொறுங்கியது. மிதமான சூட்டில், பொறுமையுடன் அடித்தோருக்கே அது பணிந்தது. எஃகின் கலவையும் அதனைக் கையாளும் முறையும் பிரிக்க முடியாதவை என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

தோய்த்தலும் பதப்படுத்தலும்

கொல்லர் உலையில் நிகழும் மாற்றத்தைச் சிறிது விளக்க வேண்டும். சாதாரண உஷ்ணத்தில் எஃகில் மிருதுவான இரும்புப் படிகங்களும் கார்பைடும் அடுக்கடுக்காகக் கலந்திருக்கின்றன. ஏறத்தாழ 727 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறும்போது, இரும்பின் அணுக்கள் புதியதோர் ஒழுங்கில் அமைகின்றன; கார்பன் அதனுள் கரைகிறது. இந்நிலைக்கு, ஆங்கிலேய உலோகவியலார் ராபர்ட்ஸ்-ஆஸ்டனின் நினைவாக 'ஆஸ்டினைட்' என்று பெயர். இவ்வாறு சூடேறிய எஃகை எண்ணெயிலோ நீரிலோ தோய்த்து விரைந்து குளிர்வித்தால், கரைந்த கார்பன் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிறைப்படுகிறது. அதனால் படிகங்கள் இழுபட்டு, மிகுந்த கடினமுடைய நிலை தோன்றுகிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டன்ஸின் பெயரால் இது 'மார்ட்டன்சைட்' எனப்படுகிறது.

தோய்த்தெடுத்த எஃகு அரத்தையும் வழுக்கச் செய்யும் அளவுக்குக் கடினமானது; ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையவும் கூடும். ஆகவே, அதனை மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். அப்போது கடினம் சிறிது குறைகிறது. முறியாத்தன்மை பெரிதும் மீள்கிறது. துலக்கிய எஃகின் மேற்பரப்பில் இவ்வுஷ்ணத்திற்கேற்ப நிறங்கள் தோன்றும். ஏறத்தாழ 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 260 டிகிரியை ஒட்டிப் பழுப்பு, 280 டிகிரியில் ஊதா, 300 டிகிரியில் நீலம் என நிறங்கள் மாறுகின்றன. உஷ்ணமானி தோன்றுவதற்கு முன்பிருந்தே கொல்லர்கள் இந்நிறங்களைக் கொண்டே பதம் அறிந்து வந்திருக்கின்றனர். எனினும், சூட்டில் வைத்திருக்கும் நேரமும் எஃகின் கலவையும் நிறத்தை ஓரளவு மாற்றும். துருவேறா எஃகில் இவ்வரிசை பொருந்தாது.

மேலும் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. பதப்படுத்தும் சூடு உயர உயர முறியாத்தன்மையும் இடைவிடாது உயரும் என்று எண்ணலாகாது. கலப்பு குறைந்த எஃகுகள் பலவற்றில், ஏறத்தாழ 260 முதல் 370 டிகிரி வரையிலான எல்லைக்குள் முறியாத்தன்மை உயர்வதற்கு மாறாகக் குறைகிறது. சிலிக்கன் மிகுந்த எஃகில் இவ்வெல்லை இன்னும் மேலே நகர்கிறது. 'நீல நிறம் வரை விட்டால் கத்தி முறியாது' என்ற நம்பிக்கை எப்போதும் உண்மையாவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

அளவைகளும் அவற்றின் எல்லையும்

எஃகின் கடினத்தை அளக்கப் பெரிதும் பயன்படுவது ராக்வெல் முறை. அமெரிக்காவைச் சேர்ந்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்னும் இருவர் 1914-இல் விண்ணப்பித்து, 1919-இல் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். இதன் 'சி' அளவையில், 120 டிகிரிக் கோணமுள்ள வைரக் கூம்பு 150 கிலோகிராம் பளுவுடன் எஃகின்மேல் அழுத்தப்படுகிறது. பள்ளம் எவ்வளவு ஆழமற்றதோ அவ்வளவுக்கு எண் உயரும். வாகன வில்பட்டை பொதுவாக 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கும். வீசி வெட்டும் கத்திகளின் வாய்க்கு 54 முதல் 57 வரை ஏற்றது. சீவவும் நறுக்கவும் பயன்படும் சிறு கத்திகளுக்கு 58 முதல் 61 வரை கொள்ளலாம்.

விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுவது இவ்வெண்ணே. ஆனால் ராக்வெல் எண், எஃகு அழுத்தத்தை எவ்வளவு எதிர்க்கும் என்பதை மட்டுமே கூறும். அடியை எவ்வளவு தாங்கும் என்பதைக் கூறாது. பின்னதனை அறிய, 1901-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சார்ப்பி விளக்கிய ஊசல் சோதனை உதவுகிறது. ஒரு சிறு எஃகுச் சட்டத்தை ஊசலாடும் சம்மட்டியால் உடைத்து, உடைப்பதில் செலவான சக்தியை அளப்பதே இம்முறை. ஒரே ராக்வெல் எண்ணுடைய இரண்டு எஃகுகள் இச்சோதனையில் பல மடங்கு வேறுபடக் கூடும். எனவே, கடின எண்ணை மட்டும் கண்டு கத்தி வாங்குவது, நெல்லின் நிறத்தை மட்டும் கண்டு விதை வாங்குவதற்கு ஒப்பாகும்.

கலப்பு உலோகங்கள்

கார்பனுடன் வேறு உலோகங்களையும் சிறிதளவு சேர்ப்பதால் எஃகின் இயல்பு மாறுகிறது. மாங்கனீஸ், எஃகு எண்ணெயிலேயே ஆழமாகக் கடினமேறத் துணை செய்யும். சிலிக்கன், அது வளைந்து மீளும் ஆற்றலை உயர்த்தும். ஒரு பங்குக்கும் குறைந்த குரோமியம், கடினம் உள்ளே இறங்க உதவும். வனேடியம், படிகங்களை நுண்மையாக வைத்திருக்கும்.

குரோமியம் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பங்கைத் தாண்டும்போது, எஃகின் மேல் கண்ணுக்குப் புலப்படாத ஆக்சைடு படலம் தோன்றித் துருவைத் தடுக்கிறது. இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 1913-இல் உருக்கிய துருவேறா எஃகு, கத்தித் தொழிலில் புதிய காலத்தைத் தொடங்கி வைத்தது. ஆனால் எஃகிலுள்ள குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்கும் பணிக்குக் கிடைப்பதில்லை; கார்பன் மிகுதியாக இருந்தால், அது குரோமியத்தில் ஒரு பகுதியைக் கார்பைடாகக் கட்டிவிடும். ஒன்றரைப் பங்கு கார்பனும் 12 பங்கு குரோமியமும் கொண்ட 'டி-2' என்னும் அச்செஃகு, முழுத் துருவேறா எஃகாக ஆகாததற்கு இதுவே காரணம். அதிலுள்ள பெரிய கார்பைடு துகள்கள் தேய்மானத்தை நன்கு தடுத்தாலும், வன்மையான அடியில் வாய் சிதறுவதற்கு இடமளிக்கின்றன. '440-சி' என்னும் துருவேறா எஃகுக்கும் இக்குறை ஓரளவு பொருந்தும்.

இக்குறையை நீக்கவே தூள் உலோகவியல் முறை வளர்ந்தது. உருகிய எஃகை வாயுவின் வேகத்தால் நுண்துளிகளாகச் சிதறடித்துத் தூளாக்கி, அத்தூளை உஷ்ணத்திலும் பேரழுத்தத்திலும் ஒன்றாக்குவதால், கார்பைடு துகள்கள் மிக நுண்ணியனவாகப் பரவி நிற்கின்றன. இம்முறையில் ஆக்கப்பட்ட சில எஃகுகள் கடினத்தையும் முறியாத்தன்மையையும் வியக்கத்தக்க அளவில் இணைத்துத் தருகின்றன. ஆயினும் அவற்றைத் தோய்ப்பதற்கு 1,000 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைத் துல்லியமாகக் காக்கும் உலை வேண்டும். கரி உலையும் துருத்தியும் கொண்ட கிராமப் பட்டறையில் அது இயலாது.

தீட்டுவதிலும் இடர்ப்பாடு உண்டு. ஆற்றங்கரையில் கிடைக்கும் மணற்கல்லின் வெட்டும் ஆற்றல், அதிலுள்ள குவார்ட்ஸ் மணலால் வருவது. குரோமிய கார்பைடு குவார்ட்ஸைவிடக் கடினமானது. வனேடிய கார்பைடோ சாணைக்கல்லில் சேரும் அலுமினிய ஆக்சைடையும் விஞ்சுவது. இத்தகைய துகள்கள் மிகுந்த கத்தி காட்டில் ஒருமுறை மழுங்கிவிட்டால், வைரத்தூள் பதித்த கல்லின்றி அதனைச் செம்மையாகத் தீட்டுவது அரிது. நெடுநாள் கூர் நிற்கும் என்ற சிறப்பே, கூர் போன பின் குறையாக மாறிவிடுகிறது.

வில்பட்டையின் சிறப்பு

இந்தியாவில் தாவ், குக்ரி, அரிவாள் ஆகியவற்றை அடிக்கும் கொல்லர்களுள் மிகப் பலர், லாரி, ஜீப் முதலிய வாகனங்களின் பழைய வில்பட்டைகளையே நாடுகின்றனர். இது வெறும் சிக்கனத்தால் நேர்ந்த வழக்கமன்று. வில்பட்டையின் பணி, ஓராயிரம் பள்ளங்களில் அடிபட்டும் முறியாமல் வளைந்து மீள்வது. வீசி வெட்டும் கத்தியிடம் எதிர்பார்க்கப்படுவதும் ஏறத்தாழ அதுவே.

இப்பட்டைகள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. முதலாவது சிலிக்கன்-மாங்கனீஸ் எஃகு, 'இ.என். 45' என்று பட்டறைகளில் பேசப்படும் இதில் 0.5 முதல் 0.6 பங்கு கார்பனும், ஒன்றரை முதல் இரண்டு பங்கு சிலிக்கனும் உள்ளன. இரண்டாவது மாங்கனீஸ்-குரோமிய எஃகு. அமெரிக்க வழக்கில் '5160' எனப்படும் இதில் ஏறத்தாழ 0.6 பங்கு கார்பனும் 0.8 பங்கு குரோமியமும் இருக்கின்றன. மூன்றாவது குரோமிய-வனேடிய எஃகு. மூன்றிலும் கார்பன் முழுவதும் கரையும் அளவிலேயே இருப்பதால், வெடிப்புக்கு வித்தாகும் பெரிய கார்பைடு துகள்கள் இல்லை. மூன்றும் எண்ணெயிலேயே கடினமேறுபவை. எனவே நீரில் தோய்க்கும்போது நேரும் விரிசல் அபாயம் குறைகிறது. மூன்றையும் ஆற்று மணற்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். துருவேறுதல் ஒன்றே இவற்றின் பொதுவான குறை. துடைத்து எண்ணெய் பூசி வைக்கும் பழக்கம் அதனைப் பெருமளவு ஈடு செய்யும்.

பழைய பட்டையில் மறைந்திருக்கும் கேடு

பழைய வில்பட்டைக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் வளைந்து மீண்டதால், அதனுள் கண்ணுக்குத் தெரியாத களைப்பு வெடிப்புகள் தோன்றியிருக்கலாம். நடுவிலுள்ள ஆணித் துளையைச் சுற்றியும், மேற்பரப்பில் துருவால் ஏற்பட்ட குழிகளிலும், பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களிலும் இவை தொடங்குவது வழக்கம். இத்தகைய வெடிப்பு உலையில் அடிப்பதால் ஒட்டிக்கொள்வதில்லை. உட்புறம் ஆக்சைடு படிந்து, முன்னிலும் மோசமாகிறது. கத்தி பல மாதங்கள் நன்றாக உழைத்து, ஒருநாள் எவ்வித முன்னறிவிப்பும் இன்றி முறிவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆதலால் முறிந்துபோன பட்டையையும் துளையை அடுத்த பகுதியையும் கத்திக்குப் பயன்படுத்தலாகாது. மேற்பரப்பை வெளிச்சம் வரும்வரை சாணையில் தேய்த்து, மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்த பின் சுண்ணாம்புத் தூள் அல்லது சீமைச் சுண்ணாம்பு பூசி வைத்தால், வெடிப்புக்குள் புகுந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து கறுத்த கோடாகத் தெரியும். இரும்புக் கடைகளில் கிடைக்கும் பயன்படாத புதிய பட்டைத் துண்டுகள் கிடைக்குமானால், சிறிது கூடுதல் விலை கொடுத்தேனும் அவற்றையே வாங்குவது மேல்.

எஃகின் வகை தெரியாதபோது, முழுக் கத்தியையும் அடித்துப் பார்த்து அறிவது வீண் செலவு. ஒரு விரல் அளவுள்ள துண்டை வெட்டியெடுத்து, காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேல் வரை சூடாக்கி எண்ணெயில் தோய்க்க வேண்டும். அதன்மேல் நல்ல அரம் கடிக்காமல் வழுக்குமானால் எஃகு கடினமேறியது எனக் கொள்ளலாம். பின்னர் அதனைத் துணியால் மூடி, இடுக்கியில் பற்றி, கண்ணுக்குக் காப்பு அணிந்து சம்மட்டியால் உடைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த முகம் பட்டுப்போல் நுண்மையான சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரியானது. சர்க்கரைப் பரல்போல் மின்னினால் சூடு மிஞ்சியது. இந்தச் சிறு சோதனை, ஒரு கத்தியையும் அதனைப் பிடிக்கும் கையையும் காப்பாற்ற வல்லது.

உலையில் கவனிக்க வேண்டியவை

ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்த ஈர்ப்பை இழக்கிறது. உஷ்ணமானி இல்லாத பட்டறையில் ஒரு காந்தத் துண்டே சிறந்த வழிகாட்டி. வில்பட்டை எஃகைத் தோய்ப்பதற்கு ஏற்ற சூடு, காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டி இன்னும் ஏறத்தாழ 50 டிகிரி உயர்ந்தது. அதாவது 820 முதல் 840 டிகிரி வரை. சூடு இதனை மிகவும் மீறினால் படிகங்கள் பருத்து முறியாத்தன்மை கெடும். அடித்து முடித்த அலகைக் காந்த எல்லைக்குச் சற்று மேல் சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்தால், பருத்த படிகங்கள் மீண்டும் நுண்மையாகும். எண்ணெயை 50, 60 டிகிரி வரை வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் அது விரைந்து ஓடி, அலகைச் சீராகக் குளிர்விக்கும். தோய்த்த உடனே காலந்தாழ்த்தாமல், 200 முதல் 240 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை பதப்படுத்துவது நலம்.

அலகு முழுவதையும் ஒரே அளவு கடினமாக்க வேண்டும் என்பதில்லை. குக்ரி செய்யும் கொல்லர்கள் செஞ்சூட்டிலுள்ள அலகின் வாயில் மட்டும் கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாக நீர் வார்த்துத் தோய்க்கும் வழக்கம் புகழ் பெற்றது. வாய் விரைந்து குளிர்ந்து கடினமாகிறது. தடித்த முதுகு மெல்லக் குளிர்ந்து மிருதுவாகவே நின்றுவிடுகிறது. ஜப்பானிய வாள் கொல்லர்கள் முதுகில் களிமண் பூசித் தோய்ப்பதன் நோக்கமும் இதுவே. வாயில் சில்லு பெயர்ந்தாலும் முதுகு முறியாது நின்று, கத்தி பயனாளியின் கையிலேயே தங்கும். ஒரே எஃகில் இரு பண்புகளைப் பெறும் இவ்வுத்தி, விலையுயர்ந்த கலவைகளுக்கு ஈடாக நிற்க வல்லது.

அலகின் வடிவமும் எஃகுக்குத் துணை நிற்க வேண்டும். வெட்டுக்கத்திகள் மிகப் பலவும் முறிவது அலகின் நடுவில் அன்று. அலகு குறுகிப் பிடிக்குள் காம்பாகச் செல்லும் இடத்தில்தான். அங்கே செங்கோணமான மூலை இருந்தால் இழுவிசை அனைத்தும் அம்மூலையில் குவிகிறது. அதனை வளைவாக அராவி, காம்பைக் கடினமேறாமல் விட்டுவிட்டால் இவ்வபாயம் பெரிதும் நீங்கும். வாயின் கோணமும் அவ்வாறே. சீவும் கத்திக்குப் பக்கத்திற்கு 15 டிகிரி போதும். கணுவையும் காய்ந்த மரத்தையும் வெட்டும் கத்திக்குப் பக்கத்திற்கு 20 முதல் 25 டிகிரி வரை வேண்டும். மெல்லிய வாய் சிதறியதற்கு எஃகின் மேல் பழி சுமத்துவது முறையாகாது.

வேலைக்கேற்ற தேர்வு

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஒரு முழத்தை எட்டும் அலகுடைய தாவ், குக்ரி போன்றவற்றுக்கு வில்பட்டை எஃகே முதல் தேர்வு. அதன் வாயை 54 முதல் 57 ராக்வெல் வரை பதப்படுத்துவது போதும். சாண் அளவுக்கு உட்பட்ட, சீவவும் தோலுரிக்கவும் பயன்படும் கத்திக்கு 1095 அல்லது 52100 போன்ற எஃகைச் சற்றுக் கூடுதல் கடினத்தில் கொள்ளலாம். அது அடியை ஏற்பதில்லையாதலால், கூர் நிற்பதற்கு முதலிடம் தரலாம். கடற்கரையிலும் உப்பு நீரிலும் உழைக்கும் மீனவரின் கத்திக்குத் துருவேறா எஃகு வேண்டும். ஆனால் அதிலும் 0.6 முதல் 0.7 பங்கு வரை கார்பனும் 13 பங்கு அளவில் குரோமியமும் கொண்ட, முதலில் சவர அலகுக்கென உருவாக்கப்பட்ட வகையே தக்கது. அதன் கார்பைடு நுண்ணியது. வாய் எளிதில் சிதறாது. தூள் உலோகவியல் எஃகுகள், துல்லியமான உலையும் வைரக் கல்லும் கிடைக்கும் இடத்திற்கே உரியவை.

ஆயத்தமாக விற்கும் கத்தியை வாங்குவோரும் சில வினாக்களைக் கேட்கலாம். எஃகின் பெயர் என்ன? வாயின் கடினம் எவ்வளவு? காம்பு பிடியின் முழு நீளமும் செல்கிறதா? 'துருவேறாதது' என்னும் ஒரு சொல் மட்டுமே விடையாகக் கிடைக்குமானால், அக்கத்தியை வன்மையான வேலைக்கு நம்பலாகாது. துருவேறா எஃகுகளுள் கரண்டிக்கும் தட்டுக்கும் ஏற்ற வகையும் உண்டு. அதனைத் தோய்த்துக் கடினமாக்கவே முடியாது.

எஃகுகளின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே செல்கிறது. புதிய பெயர்களைக் கண்டு மயங்காமல், கத்தி செய்ய வேண்டிய வேலையையும், அது கெடக்கூடிய வகையையும், அதனைத் தோய்க்கப் போகும் உலையையும், அதனைத் தீட்டப் போகும் கல்லையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போருக்குத் தேர்வு எளிதாகிவிடும். நாகர் மலையின் கரி உலையில், தெரிந்த பட்டைத் துண்டைக் காந்தத்தால் சோதித்து, உரிய சூட்டில் தோய்த்து, பதம் தவறாமல் எடுக்கும் கொல்லர் ஒருவரின் தாவ், அந்த மலைச்சரிவின் வேலையில் எந்த விலையுயர்ந்த கத்திக்கும் தாழ்ந்ததன்று. எஃகின் பெயர் பாதியைத்தான் செய்யும். எஞ்சிய பாதியைச் செய்வது உலையருகே நிற்பவரின் அறிவும் கவனமுமே.